முத்துசாமி தலையும் ரோகிணி மூக்கும்

மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் திருக்கழுக்குன்றத்து ராஜாராமுக்கு இனம் எதுவும் இல்லை என்ற தகவல், ஒரு திங்கட்கிழமை காலை தாலுகா அலுவலகத்தில் வைத்து அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. தலையில் பாதி நரைக்கும்வரை ஒரு மனிதர் இனமே இல்லாமல் சோறு தின்று, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஓட்டுப் போட்டு, வண்டிக்கு எஃப்.சி.யும் வாங்கியிருக்கிறார் என்றால், நிர்வாகம் எவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொண்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் போனது தனக்காக அல்ல. மகள் ரோகிணிக்கு அரசு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் இனச் சான்றிதழ் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

ரோகிணிக்கு வேறு ஆசையே கிடையாது. சில வருஷத்துக்கு முன் பூஞ்சேரி அருகே ஒரு மாடு குறுக்கே வந்து, ராஜாராம் ஹேண்டில்பாரில் முகத்தைக் கொண்டுபோய் இடித்து மூக்கை உடைத்துக்கொண்டபோது, பின் சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் ஐயோ ஐயோ என்று கத்தினார்கள். பள்ளிக்கூடத் துப்பட்டாவைச் சுருட்டி அப்பன் மூக்கை அழுத்திப் பிடித்து, ஆஸ்பத்திரி வரைக்கும் கையை எடுக்காமல் வந்தவள் ரோகிணி. என்னைக் கேட்டால் அன்றைக்கே அவள் நர்ஸ் ஆகிவிட்டாள். ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்?

"உங்கப்பா பேப்பர்ல 'மண்ணின் மைந்தர்'னு கீது. அந்த இனம் இப்ப இல்ல" என்றார் குமாஸ்தா.

"செத்துட்டாங்களா சார்?"

"பேர எடுத்துட்டாங்க. ஆளு இருக்கலாம், அதுல ஒண்ணும் தப்பில்ல. உன் ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல 'இதர'ன்னு கீது. இதரவையும் மூடிட்டாங்க."

"என் தம்பி குமாருக்கு 'கடலோர நீள்மண்டையர்'னு சர்ட்டிபிகேட் குடுத்துகீறீங்க. அத வெச்சித்தான் கேளம்பாக்கத்துல கவர்மெண்டு வேலையில கீறான்."

"அது உன் தம்பி. தம்பிக்கு இனம் இருந்தா அண்ணனுக்கும் இருக்கணும்னு சட்டம் இல்ல. பேஜாரு பண்ணாத. கழகத்துல போய் மூக்க அளந்துகினு வா."

ராஜாராம் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். திருக்கழுக்குன்றத்து மலைக்குக் கழுகு வருவது நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனாலும் ஊர் இன்னும் கழுக்குன்றம்தான். மலையைப் போய் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. மனுஷனாகப் பிறந்ததுதான் சனியன்.

கழகம் என்று குமாஸ்தா சொன்னது மானுட இன நிர்ணயக் கழகத்தை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரை, இந்த ஜில்லாவில் எத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று மூக்கை அளந்து கண்டுபிடிக்க அதைக் கட்டினார். துரை போய்விட்டார். மூக்கைக் கவ்வி அளக்கும் இரும்புக் கவையை விட்டுவிட்டுப் போனார். அதை நிறுத்தும்படி யாருக்கும் உத்தரவு வரவில்லை, ஆகவே அளந்துகொண்டே இருக்கிறார்கள். வாசலில் 'மனிதர் யாவரும் சமம்' என்று பளிங்குக் கல்லில் பொறித்திருக்கிறது. அதற்குக் கீழே 'காலணிகளை வகைவாரியாகப் பிரித்து விடவும்' என்று எழுதியிருக்கிறது.

இயக்குநர் முனைவர் ஹரிகிருஷ்ணன், ராஜாராமையும் அவர் மனைவி அம்சாவையும் ரோகிணியையும் நிற்க வைத்துப் பேசினார். உட்கார வைத்தால் மண்டை உயரம் மாறித் தெரியுமாம்.

"பயப்படாதீர்கள். இனம் என்பது நிலையானது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மாறாதது. அதனால்தான் அதை நாங்கள் பத்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம்."

"எதுக்கு சார் மாத்தணும்?" என்றாள் அம்சா.

"மாற்றாவிட்டால் அது மாறாமல் இருக்கிறது என்று எப்படியம்மா தெரியும்? வாருங்கள், உங்கள் மூலத்தைக் காட்டுகிறேன்."

உள் அறையில், மரப் பீடத்தின் மேல், கண்ணை மூடிய ஒரு சுண்ணாம்புத் தலை இருந்தது. ராஜாராமின் கொள்ளுத்தாத்தா முத்துசாமி. கோவளத்திலிருந்து உப்பு மூட்டை சுமந்துகொண்டு போனவரை மாமல்லபுரத்தில் துரை வழிமறித்து, மூஞ்சியில் சாந்தைப் பூசி, மூச்சு விட மூக்கில் இரண்டு வைக்கோல் செருகி அச்செடுத்தாராம். கூலியாக ஒரு வாழைப்பழம் கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது.

பீடத்தில் பித்தளைத் தகடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அறையப்பட்டிருந்தன. மேலே துரை வைத்தது: 'காட்டுமிராண்டி, சாது.' அடுத்தது: 'கடலோர நீள்மண்டையர்.' துரை போன உற்சாகத்தில் வைத்தது: 'மண்ணின் மைந்தர்.' உற்சாகம் அடங்கிய பிறகு வைத்தது: 'இதர.' பிறகு யாரோ ஓர் இயக்குநருக்கு மனசு கேட்காமல் மறுபடி 'கடலோர நீள்மண்டையர்.' குமார் மூக்கைக் காட்டிச் சான்றிதழ் வாங்கியது அந்தக் காலத்தில்தான். கடைசித் தகடு: 'பரிசீலனையில்.' இத்தனைக்கும் தலை அதே தலை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அம்சா தலையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"யோவ், காதப் பாரு. அப்படியே உன் காது."

உண்மைதான். ராஜாராமின் காது சுட்ட அப்பளம் மாதிரி விளிம்பு மடிந்திருக்கும். தலையின் காதும் அப்படியே மடிந்திருந்தது.

"காது எங்கள் அதிகார வரம்பில் வராது" என்றார் இயக்குநர். "காதுக்குத் தனிக் கழகம் கேட்டு எழுதியிருக்கிறோம். ஞானம்பாள், மூக்கை எடுங்கள்."

அளவீட்டு அலுவலர் ஞானம்பாள் கவையை எடுத்து முதலில் ரோகிணியின் மூக்கை அளந்தார். தலையின் மூக்கோடு ஒத்துவரவில்லை, ஒரு நெல்லளவு வித்தியாசம். பிறகு ராஜாராமின் மூக்கை அளந்தார். இடப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் அந்த மூக்கை இரண்டு முறை அளந்து, பட்டியலைப் பார்த்து, தயங்கி, "சார், இவர் மத்தியதரைக்கடல் பகுதி இனம்னு வருது" என்றார்.

"மாடு மோதுன மூக்கு மேடம்" என்றார் ராஜாராம்.

"மாடு எந்தப் பகுதி?" என்று கேட்டார் இயக்குநர். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்பா ஓர் இனம், மகள் ஓர் இனம். அம்மா, தவறாக நினைக்கக் கூடாது. அறிவியல் அடிப்படையில் ஒரு கேள்வி. இந்தப் பெண் இவருடைய மகள்தானா?"

அம்சாவின் முந்தானை இடுப்பில் ஏறியது.

"இன்னா கேட்ட?" என்றாள் அம்சா. "இன்னாய்யா கேட்ட? என் வூட்டுக்கு வந்து கேட்டிருந்தா வெளக்குமாறு பிஞ்சிருக்கும். இருபது வருஷமா இந்த மூஞ்சிய பாத்துகினு கீறேன், எனக்குத் தெரியாதா? போய் உன் மூக்க அளந்து பாரு, உங்கப்பன் யாருன்னு வருதான்னு!"

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் இயக்குநர் அமைதியாக. "தாயாரிடம் ஆதிகுணம் காணப்பட்டது. சாதகமான அம்சம்."

மூக்கு பொய்த்ததால் நடத்தைச் சோதனை வைக்க வேண்டியதாயிற்று. ஓர் இனத்தைச் சேர்ந்தவன் அந்த இனத்துக்குரியபடி நடந்துகாட்ட வேண்டும் என்பது விதி. நடத்தையை மூலத் தலை நேரில் பார்க்க வேண்டும் என்பது துணை விதி. கழகத்து ஜீப் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால், சனிக்கிழமை காலை ராஜாராமின் ஆட்டோவிலேயே இயக்குநரும், ஞானம்பாளும், குடும்பமும், முத்துசாமி தலையும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனார்கள். ஆட்டோவுக்கு வாடகை கிடையாது. சோதனைக்கு ஆளாகிறவர் ஒத்துழைக்க வேண்டும்.

தலையைக் கடலைப் பார்க்க மணலில் வைத்தார்கள். சுண்டல் வாங்கிக்கொண்டிருந்த டூரிஸ்ட் கும்பல் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. யாரோ ஒருவர் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

"கையால் மீன் பிடியுங்கள்" என்றார் இயக்குநர்.

"எனக்கு நீச்சலே தெரியாது சார். நான் ஆட்டோ டிரைவரு."

"கல்லைத் தேய்த்து நெருப்பு?"

"லைட்டர் கீது."

"உங்கள் முன்னோர் பாடிய பாட்டு ஏதாவது நினைவிருக்கிறதா? யோசியுங்கள். உங்கள் ரத்தத்தில் இருக்கும். வாயைத் திறந்தால் தானாக வரும்."

ராஜாராம் மகளைப் பார்த்தார். ரோகிணி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாதக் கடைசி நெருங்கிவிட்டது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இவ்வளவு பேர் பார்க்க, வாயில் வந்ததைச் சொல்லித் தொலைப்போம் என்று கண்ணை மூடினார். இத்தனை வருஷமாகத் தினமும் அடித்தொண்டையிலிருந்து கத்துகிற ஒன்றே ஒன்றுதான் அவர் வாயில் வந்தது.

"பூஞ்சேரி, எடையூர், கொத்திமங்கலம், கழுக்குன்றம், செங்கல்பட்டேய்ய்! ஏறு ஏறு ஏறு! உள்ள தள்ளு, உள்ள தள்ளு! செங்கல்பட்டேய்ய்!"

ஞானம்பாள் ஒலிப்பதிவு செய்தார். இயக்குநருக்கு மயிர் கூச்செறிந்தது.

"கேட்டீர்களா? முன்னோர் கடலிலிருந்து உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்த வழித்தடம் முழுதும் பாட்டாக இருக்கிறது! வரிசை மாறாமல்! அந்த 'உள்ள தள்ளு' இருக்கிறதே, அது பகைவரை விரட்டிய போர் முழக்கமாக இருக்க வேண்டும்."

"சார், அது..." என்று ஆரம்பித்த ரோகிணியின் கையை அம்சா கிள்ளினாள்.

நடத்தையில் ராஜாராம் முதல் வகுப்பில் தேறினார். இனி திங்கட்கிழமை நிபுணர் குழு முன்னால் கடைசியாக ஒரு முறை மூக்கு ஒப்பீடு மட்டும் பாக்கி. அந்த நெல்லளவு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு குழு என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஞானம்பாள் மாமல்லபுரத்திலேயே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பும்போது இயக்குநர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பின் சீட்டில் அம்சாவுக்கும் ரோகிணிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, போர் முழக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பூஞ்சேரியில் புதிதாக ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டிருந்தார்கள். பெயிண்ட் அடிக்கவில்லை. வண்டி ஒரு முழம் எகிறி விழுந்தது. முத்துசாமியின் முகம் முன் சீட்டுக் கம்பியில் போய் மோதியது. நூறு வருஷமாக உடையாத மூக்கு, கொள்ளுப்பேரனுடைய மூக்கு உடைந்த அதே ஊரில், நொறுங்கிப் பொடிப்பொடியாக இயக்குநரின் பேண்ட்டில் கொட்டியது.

"என் பென்ஷன்!" என்று அலறினார் முனைவர் ஹரிகிருஷ்ணன். இனம், மூலம், வழித்தடம் எதுவும் அந்த நேரத்தில் அவர் வாயில் வரவில்லை. "போச்சு! எல்லாம் போச்சு! திங்கட்கிழமை குழு வருகிறது! மூக்கு இல்லாமல் ஓர் இனத்தை நான் எப்படிக் காட்டுவேன்?"

"அழாதீங்க சார்" என்றாள் ரோகிணி. தன் கைக்குட்டையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்து, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். "தலைய குனிஞ்சி உக்காருங்க. மூச்ச இழுத்து விடுங்க."

வண்டி மாமல்லபுரத்துக்கே திரும்பியது. மாமல்லபுரத்தில் மூக்குக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு சிற்பக்கூடம். பிள்ளையாருக்கும் புத்தருக்கும் நடுவில் தூசியோடு உட்கார்ந்திருந்த ராமானுஜம் என்கிற சிற்பி, தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"வெச்சிடலாம் சார். மாடல் இன்னா? மூக்கு எப்படி இருந்துச்சி?"

"எண் இருக்கிறது" என்றார் இயக்குநர். "மூக்கு எண் எண்பத்தொன்று புள்ளி..."

"நம்பர வெச்சி இன்னா சார் பண்றது? போட்டோ இல்லியா? சொந்தக்காரங்க யாராச்சும் கீறாங்களா?"

அம்சா ரோகிணியின் தோளைப் பிடித்துக் கொண்டுபோய், ஒரு பாதி செதுக்கிய நந்தியின் மேல் உட்கார வைத்தாள்.

"இதோ கீறா அண்ணா, அவரு வம்சம். இவ மூக்க பாத்து அச்சு அசலா வெய்யி. மயிரிழ பெசகக் கூடாது."

இயக்குநர் வாயைத் திறந்தார். அவர் பேண்ட்டில் இன்னும் கொஞ்சம் மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை நிபுணர் குழு கூடியது. ஞானம்பாள் தலையை அளந்தார். ரோகிணியை அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார்.

"போன வாரம் வித்தியாசம் இருந்தது சார். இப்ப துளிகூட இல்லை."

குழு உறுப்பினர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்கள். இயக்குநர் எழுந்து நின்றார். ஸ்பீடு பிரேக்கரில் அலறியவரா இவர் என்று ராஜாராமுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை.

"பெரியோர்களே! போன வாரம் கடற்கரையில் தன் முன்னோர் பாட்டைக் கேட்டதும் இந்தப் பெண்ணின் மூக்கு தன் மூல நிலைக்குத் திரும்பியிருக்கிறது. இனம் என்பது கற்பனை என்று இன்று சிலர் பேசுகிறார்கள். அதிகாரத்தில் இருக்கிறவன் நினைத்தால் வரைவதும் நினைத்தால் அழிப்பதும்தான் இனம் என்கிறார்கள். அவர்களை நான் இங்கே வரச் சொல்கிறேன். இந்த மூக்கைப் பார்க்கச் சொல்கிறேன். சுண்ணாம்பு பொய் சொல்லுமா? இந்தக் கழகம் இருக்கும்வரை இந்த மூக்கில் யாரும் கைவைக்க முடியாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். பழைய தகடுகளுக்குக் கீழே ஏழாவது தகடு அறையப்பட்டது: 'கடலோர நீள்மண்டையர் (திருத்திய பதிப்பு).' ரோகிணிக்கு அன்றே சான்றிதழ் கிடைத்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அழுதாள். அம்சா தலையின் தாடையைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள்.

"எனக்கு சார்?" என்றார் ராஜாராம்.

"உங்களுக்கு மூக்கு பொருந்தவில்லையே! நடத்தை மட்டும் போதாது. மகளுக்கு இனம் இருக்கிறது என்பதற்காக அப்பாவுக்கும் கேட்க முடியாது. அது முறைகேடு. நான் முறைகேட்டுக்குத் துணை போகிறவன் இல்லை."

ரோகிணி ஹாஸ்டலில் சேர்ந்தாள். வெள்ளைச் சீருடையில் ஒரு போட்டோ அனுப்பினாள். அதை ராஜாராம் வண்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்திருந்தபோது, தம்பி குமார் ஒரு காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடிவந்தான்.

"அண்ணாத்த, எனக்கு நோட்டீஸ் வந்துகீது! என் மூக்கு தலையோட மேட்ச் ஆவலியாம்! போலி சர்ட்டிபிகேட்னு வேலைய வுட்டுத் தூக்கப் போறானுங்க! அன்னிக்கி அளந்தப்ப கரெக்டா இருந்துச்சி, இப்ப எப்பிடி மாறும்? நான் இன்னா மூக்கையா மாத்திக்கினேன்?"

ராஜாராம் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். அண்ணன் மகளுக்கு ஒரு மூக்கு வைத்ததில் தம்பியின் இனம் போய்விட்டது. கேளம்பாக்கத்தில் வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த மூக்கின் மேல்தான் நின்றன.

இரண்டு பேரும் கழகத்துக்குப் போனார்கள். முனைவர் ஹரிகிருஷ்ணன் கொஞ்சமும் கலங்கவில்லை. சொல்லப்போனால் அவர் முகம் மலர்ந்தது.

"இதற்கு ஏன் கவலை? ஒரே இனத்தில் இரண்டு மூக்கு இருக்கிறது என்றால் அது இரண்டு இனம். உங்கள் தம்பிக்குத் தனி உட்பிரிவு திறந்துவிடலாம். அதற்கு ஒரு தலை, ஒரு பீடம், ஒரு துணை இயக்குநர், ஒரு ஜீப். துரை காலத்தில் ஜில்லாவுக்கு எட்டு இனம்தான் இருந்தது. நான் ஓய்வு பெறுவதற்குள் எண்பது ஆக்கிவிடுவேன். பழைய தலையை அந்தச் சிற்பியிடம் கொண்டுபோய் இன்னொன்று செய்து வாங்கி வாருங்கள். மூக்கு மட்டும் உங்கள் தம்பியுடையது."

ஜீப் இன்னும் ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்தது. தலையை ஏற்றிக்கொண்டு ராஜாராம் திருக்கழுக்குன்றம் வந்தபோது, போனில் விஷயம் தெரிந்துகொண்ட அம்சா வாசலிலேயே காத்திருந்தாள். குமாருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவன் மடியிலிருந்த தலையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, மூக்கை முந்தானையால் சுற்றினாள்.

"அண்ணி, அது எங்க தாத்தா தலை" என்றான் குமார்.

"தலை உங்க தாத்தாவோடது. மூக்கு எம் பொண்ணோடது. கைய வெச்சே, ஒடிச்சிடுவேன்."

"அவன் வேலை போவுது அம்சா" என்றார் ராஜாராம்.

"போவட்டும்னா சொல்றேன்? புதுசா ஒண்ணு செஞ்சிக்கட்டும். இத தொடக் கூடாது. அவ படிச்சி முடிக்கிற வரைக்கும் இந்த மூக்கு இப்படியே இருக்கணும். நீ மெதுவா ஓட்டு."

எடையூர் தாண்டும்வரை பின்னால் சண்டை ஓயவில்லை. பூஞ்சேரி ஸ்பீடு பிரேக்கர் தூரத்தில் தெரிந்ததும் ராஜாராம் வண்டியை ஓரங்கட்டினார்.

"ரெண்டு பேரும் எறங்கி நடங்க" என்றார். அவர் அந்த மாதிரிக் குரலில் பேசி அம்சா கேட்டதில்லை. தலையை வாங்கித் தன் சீட்டிலேயே பக்கத்தில் சாய்த்து வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, நிறைமாதக்காரியை ஏற்றிப் போவதுபோல ஸ்பீடு பிரேக்கரை ஏறி இறங்கினார். இனத்தைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்கிறார்கள். அவருக்கு அந்தச் சுண்ணாம்புக் காதைத் தொட்டுக்கொண்டிருப்பது பிடித்திருந்தது.

அந்தப் பக்கம், இட்லி மாவு விற்கும் ஓர் அம்மா பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். வண்டி நின்றதும் ஏற வந்தவர், முன் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா இது? எதுனா தலைவரு செலையா?"

"எங்க கொள்ளுத்தாத்தாம்மா."

அந்த அம்மா தலையைப் பார்த்தார். ராஜாராமைப் பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார்.

"அதான பாத்தேன்! காது அப்பிடியே உரிச்சி வெச்சா மாதிரி கீது."

ராஜாராம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தமா சொல்லாத தாயி. காதுக்கு இன்னும் கழகம் தொறக்கல."